முதல் அறையில் ஒன்பது ஓட்டு

மலேசியாவில், ஈப்போவின் பாசிர் லேபார் தொகுதியில் கொக்குச் சின்னம் தோற்று யோக் ஹெங் பார்த்ததில்லை. அவளுக்கு வயது அறுபத்து மூன்று. அவள் அப்பா கஞ்சியைப் பசையாகக் காய்ச்சிக் கொக்குச் சுவரொட்டி ஒட்டியவர். கல்யாணமான மறுவாரமே அவள் கணவனும் அந்தப் பசைவாளியைத் தூக்கினான். அவன் இறந்தபோது கட்சி மலர்வளையம் அனுப்பியது, ஆள் வரவில்லை. எதற்கு வர வேண்டும்? ஜெயிப்பது உறுதியான இடத்துக்குக் கொக்குக்காரர்கள் வருவதில்லை. தோற்பது உறுதி என்பதால் எதிர்க்கட்சியான குடைக்காரர்களும் வருவதில்லை.

மழை மட்டும் தவறாமல் வந்தது. பின்சந்தில் சாக்கடை இடிந்து கிடந்ததால் நவம்பர்தோறும் அவள் சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். தைக்க வாங்கி வைத்திருந்த திரைச்சீலைத் துணி போன வருஷம் இரண்டு கட்டு வீணானது. கொக்கு அலுவலகத்துக்கு ஏழு மனு எழுதிவிட்டாள்.

தேர்தல் தேதி அறிவித்த அன்று லோக்கின் காப்பிக்கடையில் பேச்சை எடுத்தாள்.

"இந்தத் தடவ எல்லாரும் குடைக்குப் போடுவோம். அவன் ஜெயிக்க வேணாம். நம்மாளுக்குக் கொஞ்சம் பயம் வந்தா போதும்."

"உங்கப்பா எழுந்து வந்துடப் போறாரு, அக்கா," என்றான் லோக்.

"வரட்டுமே. வந்து தண்ணிய அள்ளட்டும்."

ஓட்டு ரகசியம்தான். ஆனால் வாக்குச்சாவடியான பள்ளியில் வயதுவாரியாக வகுப்பறை பிரித்து, அறைவாரியாகவே எண்ணுவார்கள். பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்ட தெரு அவளுடையது. மூத்தவர்களுக்கான முதல் அறையில் பாதிப்பேர் அந்தத் தெருக்காரர்கள். போன தடவை அங்கே குடைக்கு விழுந்தது இரண்டே ஓட்டு. இந்தத் தடவை குடைக்குப் போடுவதாக எழுபது பேர் அவளிடம் சத்தியம் செய்தார்கள்.

தேர்தல் அன்று அவள் வாக்குச்சீட்டை விரித்து, பேனாவைக் குடைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அது அங்கேயே நின்றது. எழுபது பேர் போடுகிறார்கள், ஒன்று குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். கை பழகிய இடத்துக்குப் போய்க் குறி போட்டுவிட்டு வந்தது.

முதல் அறையில் கொக்குக்கு இருநூற்றுப் பதினெட்டு. குடைக்கு ஒன்பது.

மறுநாள் காப்பிக்கடையில் அவள் உட்காரக்கூட இல்லை.

"எழுபது பேரு சத்தியம் பண்ணீங்க. ஒம்பதுதான் விழுந்திருக்கு."

"அதுல ஒண்ணு நான்," என்றான் லோக்.

"நானும்தான்," என்றான் முடிவெட்டும் குவான்.

மதியத்துக்குள் அந்த ஒன்பதில் முப்பத்தோரு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"உங்களோட முப்பத்திரெண்டு, அக்கா," என்றான் லோக்.

"பின்ன?" என்று காப்பியை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துக் கொக்கு அலுவலகத்திலிருந்து தொந்தியும் அளவுநாடாவுமாக ஒருவர் பின்சந்துக்கு வந்தார்.

"இந்தச் சாக்கடைதானேம்மா? முதல் அறையில குடை ரெண்டுலேருந்து ஒம்பதுக்கு ஏறிடுச்சாம். நாலு மடங்குக்கு மேல. மேலிடத்துல தூக்கமில்ல."

"இன்னும் ஏறும்."

அவர் சிரமப்பட்டுக் குனிந்து அளந்தார். "யாரும்மா அந்த ஒம்பது பேரு? உங்களுக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் ரகசியம். ஆனா ரொம்பக் கோவக்காரங்க. மூணடி ஆழம் பத்தாது, நாலுன்னு எழுதுங்க."

அவர் நாலு என்று எழுதிக்கொண்டார்.