விசேட கொடுப்பனவும் விற்காத ஃபிரிட்ஜும்

வீட்டுச் சாமான் விற்கிறவனுக்குக் காசுள்ள சனத்தையும் சமாளிக்கத் தெரியும், காசில்லாத சனத்தையும் சமாளிக்கத் தெரியும். கையில் திடீரென்று காசு வந்த சனத்தை எப்படிச் சமாளிப்பது என்றுதான் ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

சண்டைக் காலத்தில் வெள்ளவத்தைக் காலி வீதியில், ஒரு ஹாஜியாரின் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். மின்விசிறி, றைஸ் குக்கர், ஃபிரிட்ஜ், பயணப்பெட்டி, தகர டிரம் என்று எல்லாம் விற்போம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று விலையைக் கேட்டுப் பெருமூச்சு விட்டவர்கள் நீங்கள். இந்தப் பக்கம் நின்று அதைச் சொன்ன பாவி நான். இரண்டு பேரும் பட்ட பாடுதான் இது.

ரேடியோ ஏற்றிய விலை

ஒரு சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னர், அரசாங்க ஊழியருக்கும் பென்ஷன்காரருக்கும் விசேட கொடுப்பனவு வழங்கப்படும் என்று ரேடியோவில் சொன்னார்கள். சனம் செலவழித்தால் வியாபாரம் நடக்கும், வியாபாரம் நடந்தால் நாடு நிமிரும் என்று பெரிய விளக்கமும் கொடுத்தார்கள். தேர்தலும் கிட்ட வந்திருந்ததை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஹாஜியார், பெட்டா என்று சொல்கிற புறக்கோட்டையில் இருந்த மொத்த வியாபாரிக்கு ரெலிபோன் எடுத்தார். வைத்த கையோடு, விலைச்சீட்டு எல்லாவற்றையும் மாற்றி எழுதச் சொன்னார். காசு இன்னும் ஒருவர் கைக்கும் வரவில்லை. "இப்பவே ஏத்தினால் சனம் ஏசாதோ, ஹாஜியார்?" என்று கேட்டேன். மனுசன் பாவம், உண்மையாகவே நொந்துபோனார்.

"நான் எங்க மகன் ஏத்தின? பெட்டாக்காரன் ஏத்தினான். அவனக் கேட்டா, ரேடியோவக் கேளுங்க எண்டு செல்றான்."

திறந்து திறந்து பார்த்த ஃபிரிட்ஜ்

மரியநாயகம் ஐயா துறைமுகத்தில் கிளாக்காக இருந்து பென்ஷனில் வந்தவர். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி, மனைவி றீற்றா அன்ரியையும் கூட்டிக்கொண்டு மாதாமாதம் கடைக்கு வருவார். வாங்க அல்ல, பார்க்க. அன்ரி சின்ன வெள்ளை ஃபிரிட்ஜின் கதவைத் திறப்பா, உள்ளே ஒருதரம் பார்ப்பா, பூப்போல மூடுவா. அவவுக்குத் தினமும் இன்சுலின் ஊசி. மருந்துப் போத்தல் இருந்ததோ அவர்கள் இருந்த ஒழுங்கைச் சந்தின் முகப்பு வீட்டுக்காரரின் ஃபிரிட்ஜில். ஊசி நேரத்துக்கெல்லாம் போய், அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். யார் வீட்டிலும் தினமும் போய்க் கதவு தட்டிப் பாருங்கள், அதன் கூச்சம் விளங்கும்.

சேர்த்து வைத்ததோடு கொடுப்பனவையும் போட்டால் ஃபிரிட்ஜ் வீட்டுக்கு வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. காசோடு வந்தார்கள். புது விலைச்சீட்டைப் பார்த்த அன்ரி, "நாங்கள் எண்ணிப் பார்க்க முந்தி உங்கட கடை எண்ணிப்போட்டுது, என்ன தம்பி?" என்றா. எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது. ஆனால் ஐயாவின் முகத்தில் கவலையைக் காணோம். பரீட்சை ஒத்திவைக்கப்பட்ட பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி நின்றார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் இதே வெள்ளவத்தையில் அவர்களுடைய வீடு எரிந்தது. அதோடு தவணைக்கு எடுத்த புது ஃபிரிட்ஜும் எரிந்தது. எரிந்த ஃபிரிட்ஜுக்கு மிச்சத் தவணையையும் கட்டி முடித்த மனுசன் அவர். அன்ரி வெளியே இறங்கியதும் என் காதோடு சொன்னார்:

"விலை ஏறினது நல்லதாய்ப் போச்சு தம்பி. தூக்கிக்கொண்டு ஓட ஏலாத சாமான் எங்களுக்கு என்னத்துக்கு?"

பயணப்பெட்டி

கொடுப்பனவை நம்பி ஹாஜியார் ஃபிரிட்ஜ்களை இறக்கி வைத்திருந்தார். சிங்களச் சனம் வருடப்பிறப்புக்கு றைஸ் குக்கரும் மின்விசிறியும் வாங்கிப் போனது. எங்கள் சனம் ஃபிரிட்ஜைத் தடவிப் பார்த்துவிட்டுப் பயணப்பெட்டி வாங்கியது. கடைசியில் பெட்டி முடிந்து, ஆட்களுக்கு இல்லையென்று சொல்ல வேண்டி வந்தது.

யாழ்ப்பாணத்து ரீச்சர் ஒருவர், பக்கத்து லொட்ஜில் தங்கிக் கனடா விசாவுக்குக் காத்திருந்தவர், தன் பென்ஷன் கொடுப்பனவோடு வந்து பெரிய பெட்டி கேட்டார். நான் வியாபாரப் புத்தியை விடாமல், வீட்டுக்கு ஒரு றைஸ் குக்கரும் பார்க்கலாமே என்றேன். அவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

"வீடு இருந்தால்தானே தம்பி வீட்டுச் சாமான்? எனக்கு இருக்கிறது லொட்ஜில ஒரு கட்டில்."

வத்தளைக்காரரின் சேமிப்பு

வத்தளையிலிருந்து ஒரு அரசாங்க உத்தியோகத்தர் வந்து, இறுக்கமான மூடியுள்ள பெரிய டிரம் கேட்டார். விலை ஏறிக்கொண்டே போகிறதே, காசைப் பாங்கில் போட்டால் தேய்ந்துவிடும் என்று, கொடுப்பனவு முழுவதற்கும் மூட்டை மூட்டையாகச் சீனி வாங்கிவிட்டாராம். என்னைப் பார்த்து, தான் ஏதோ பெரிய பொருளாதார நிபுணர் போல ஒரு சிரிப்பு வேறு. டிரம்மின் விலையைக் கேட்டதும் அது நின்றுபோனது. கூட வந்த மனைவி என்னிடம் முறையிட்டா:

"பாங்கில போட்டிருந்தால் வட்டி வந்திருக்கும். இவர் வீட்டில போட்டார், எறும்பு வந்தது."

ஒழுங்கை மூடிய நாள்

வருடப்பிறப்பு முடிந்தது. கொடுப்பனவும் முடிந்தது. ஏறின விலையும் விற்காத ஃபிரிட்ஜ்களும் மட்டும் கடையில் மிஞ்சின. ஒருநாள் மரியநாயகம் ஐயா தனியே வந்தார், சவரம் செய்யாத முகத்தோடு. முதல்நாள் விடியற்காலையில் கொட்டாஞ்சேனையில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு. ஒருவரும் ஒழுங்கையில் இறங்கக் கூடாது. மருந்து கூப்பிடு தூரத்தில். போய் எடுக்க வழியில்லை. பின்னேரம் தடை எடுத்தபோது அன்ரி சத்தியெடுத்து, மயங்கிக் கிடந்தா. ஆஸ்பத்திரியில் பிழைத்துவிட்டா. "ஃபிரிட்ஜ் வேண்டாமெண்டு நான்தான் அவவைத் தடுத்தனான்," என்று ஐயா வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

கையில் பழைய விலைக்கான காசுதான் இருந்தது. நான் ஹாஜியாரைப் பார்த்தேன். ஏறின விலை இறங்கி நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

"விக்காத ஃபிரிட்ஜ் கரண்ட் குடிக்காட்டியும் எடம் குடிக்கிது மகன். பழைய வெலக்கே குடுங்க. அந்த மனிசிக்கு மருந்து வீட்டுலயே ஈக்கோணுமே."

நாலு சில்லு

காசைக் கொடுத்த பிறகும் ஐயாவின் பயம் விடவில்லை. "இதுக்குச் சில்லு பூட்டலாமோ?" என்று கேட்டார். உருள்கிற நாலு சில்லு வைத்த ஸ்டாண்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கடைக்குள்ளேயே ஃபிரிட்ஜை அதில் ஏற்றி, வாசல்வரை தள்ளிப் பார்த்தார், எவ்வளவு வேகமாகப் போகும் என்று. சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அன்ரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, லொறியில் நானும் போனேன். ஃபிரிட்ஜைக் குசினியில் இறக்கினோம். அன்ரி முகப்பு வீட்டிலிருந்து மருந்தைக் கொண்டுவந்து கதவுத் தட்டில் வைத்தா. மூடினா. திரும்பத் திறந்து, மருந்து அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்தா. ஐயா அவவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஸ்டாண்டைத் தூக்கி, "ஐயா, சில்லைப் பூட்டட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி, கொண்டு போம். அவவின்ர மருந்து இருக்கிற இடத்திலதான் இனி நாங்களும். இவ்வளவு நாளும் ஓடினது காணும்."

காசு வந்தால் சனம் செலவழிக்கும் என்று அரசாங்கம் நினைத்தது. எங்கள் சனமோ, நாளைக்கும் இதே வீட்டில்தான் இருப்போம் என்று துணிந்த அன்றுதான் செலவழித்தது.