இடக்கைக்காரனின் ஜாயின்ட்

அந்த வட்டாரத்தில் பழைய கார்களின் வயரிங் கோளாறு என்றால் கரண்ட்டம்மாவை விட்டால் ஆளில்லை. ஹாரன் தானாக அலறினாலும், நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்கினாலும் அவளிடம்தான் வருவார்கள். அவள் இந்தத் தொழிலைக் கற்றதே ஒரே ஒருத்தனின் மூக்கை உடைக்கத்தான்.

அவன் அவளுடைய கணவனின் அண்ணன். ஒன்பது வருஷத்துக்கு முன்பு அண்ணனும் தம்பியும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார்கள். அவர்கள் வேலை பார்த்துக் கொடுத்த பல் டாக்டரம்மாவின் கார், ஓடிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டுக்குள் தீப்பிடித்தது. டாக்டரம்மா பின்சீட்டுக் குழந்தையை வாரிக்கொண்டு குதித்தாள். எரிந்த இடத்தில் வயரை முறுக்கிச் சேர்த்து ஜாயின்ட் போட்டது தம்பிதான் என்று அண்ணன்காரன் கூசாமல் சொன்னான். தம்பி வாயே திறக்கவில்லை. அப்புறம் எந்த ஒர்க்‌ஷாப்பும் தம்பியைச் சேர்க்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து அவன் வாயால் சொல்லச் சொல்ல, இவள் கையைச் சுட்டுக்கொண்டு கற்றாள். தன் புருஷன் போட்ட ஜாயின்ட் எரியாது என்பதில் அவளுக்குத் துளி சந்தேகமும் இல்லை. அதை அண்ணன்காரன் முகத்துக்கு நேராக நிரூபிக்க வேண்டும். அதற்காகத்தான் கறுவிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அதே கார் அவள் கடைக்கு வந்தது. பிரேக்கை மிதித்தால் பெட்ரோல் முள் படுத்துவிடுகிறது, ஹெட்லைட் மங்குகிறது. நாலு இடத்தில் காட்டியும் பிடிபடவில்லையாம். கரண்ட்டம்மா மல்லாந்து படுத்து டேஷ்போர்டுக்குள் தலையை விட்டாள். எர்த் வயரின் முனை துருவேறிக் கிடந்தது. அரை மணி நேர வேலைதான்.

ஆனால் எர்த்துக்குப் பின்னால், தீப்பிடித்த பழைய வயரைக் கழற்றாமல் சுருட்டிச் செருகியிருந்தார்கள். டேப் உருகிப் போயிருந்தது. செம்புக் கம்பியின் முறுக்கு மட்டும் அப்படியே இருந்தது. அதை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முறுக்கு வலப்பக்கமாக ஓடியது. அவள் கணவன் இடக்கைக்காரன். அவன் கம்பியைச் சுற்றினால் இடப்பக்கமாகத்தான் ஓடும்.

அண்ணன்காரனுக்கு ஆள் அனுப்பினாள். "என்னால கண்டுபிடிக்க முடியல, நீங்க வந்து பாக்கணும்னு சொல்லு."

அவன் வாயெல்லாம் பல்லாக வந்தான். டாக்டரம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

"பொம்பள செய்யற வேலையாம்மா இது?" என்றான்.

"அதான் உங்களக் கூப்பிட்டேன் மாமா. முதல்ல இந்த ரெண்டு வயரையும் சேத்துக் காட்டுங்க, கத்துக்கறேன்."

அவனும் பெருமையோடு முறுக்கிக் கொடுத்தான். அவள் அதை வெள்ளைத் துணியில் வைத்தாள். பக்கத்தில் எரிந்த ஜாயின்ட்டை வைத்தாள். அதற்கும் பக்கத்தில், அதே காரின் ஹாரன் வயரில் தன் கணவன் அன்றைக்கு இடப்பக்கமாக முறுக்கிப் போட்டு இன்றுவரை கெடாத ஜாயின்ட்டை வெட்டியெடுத்து வைத்தாள்.

"டாக்டரம்மா, பல்லைப் பாக்கற கண்ணால இதையும் பாருங்க. எது எது ஒரே கை?"

டாக்டரம்மா குனிந்து பார்த்தாள். முதல் இரண்டையும் தொட்டாள். பிறகு நிமிர்ந்து, "என் குழந்தை உள்ள இருந்தான்யா" என்றாள்.

அண்ணன்காரன் வந்த வழியே போனான். ஒர்க்‌ஷாப்காரர்கள் அவரவர் கடை வாசலில் நின்று பார்த்தார்கள். ஒன்பது வருஷத்தில் கரண்ட்டம்மாவுக்கு அவ்வளவு இனித்த நாள் வேறு இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் எரிந்த ஜாயின்ட்டைக் கணவன் முன்னால் போட்டாள். நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவன் நிமிரவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"அது அண்ணன் போட்டதுன்னு. அவருக்கு மூணு பிள்ளைங்க. நமக்கு யாருமில்ல. நானே தாங்கிக்கலாம்னு விட்டுட்டேன்."

அண்ணன்காரன் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் அவளுக்கு இப்போதுதான் வந்தது. சுட்ட தழும்புகள் நிறைந்த இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீங்களா தாங்குனீங்க? தாங்குனது இது."

வயரில் கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்ப்பைப் பையிலிருந்து எடுத்து அவனுடைய இடக்கையில் திணித்தாள்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் கடைக்கு வந்துடுங்க. வெட்டுன ஹாரன் வயர இன்னும் சேக்கல. இனிமே டேஷ்போர்டுக்குக் கீழ நீங்க படுங்க."