மஞ்சள் தண்ணீர் குடித்த கம்ப்யூட்டர்

அப்பா இறந்து பதினோராவது நாள் காலையில்தான் கிள்ளான் வீட்டில் கம்ப்யூட்டரைத் திறக்கப் போனேன். பட்டனை அழுத்தினால் மூன்று முறை பீப் என்று கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது.

பதினாறாம் நாள் படையலுக்குப் படம் வேண்டும். அப்பா கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஐசி அடையாள அட்டையில் யாரையோ திட்டப் போகிறவர் மாதிரி இருப்பார். கேரி தீவில் நண்டு சாப்பிடும்போது நான் எடுத்த ஒரே ஒரு படத்தில்தான் வாய்விட்டுச் சிரிக்கிறார். பழைய போனை விற்பதற்கு முன்னால் அதை இந்தக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தேன். வேறு எங்கும் இல்லை.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அத்தை விடவில்லை.

"கொள்ளி வச்சவன் பதினாறு முடியாம வாசல் கேட்ட தாண்டக்கூடாது."

பிரிக்ஃபீல்ட்ஸில் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்யும் நண்பனுக்கு வீடியோ கால் போட்டேன். அவனாலும் வர முடியாது. அவன் தங்கச்சிக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், சாவு வீட்டுக்கு அவன் அம்மா அனுப்பமாட்டார்.

"பிளக்க புடுங்கிட்டு உள்ள காட்டு லா, மச்சான்."

பெட்டிக்குப் பக்க மூடி கிடையாது. சூடாகிறது என்று அப்பாதான் கழற்றிப் போட்டார். டார்ச் அடித்துக் காட்டினேன்.

"என்னடா மஞ்சளா இருக்கு? கறிக் கொழம்பு ஊத்துனியா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மஞ்சள் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவியிருக்கிறார்கள். மேசைக்கடியில் தரையில் இருந்த பெட்டிக்குள்ளும் தெறித்திருக்கிறது.

"யாரு அத்த இங்க கழுவுனது?"

"நான்தான். ஏன்?"

"கொன்னுட்டீங்க!"

அந்த வார்த்தையை அந்த வீட்டில் நான் சொல்லியிருக்கக் கூடாது.

"பொணம் போன வீட்ட கழுவாம எப்படிடா விடுறது?" என்று கேட்டுவிட்டு அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். போனவர் அவருக்கு அண்ணன்.

நண்பன் சொன்னபடி ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தேன். காய்ந்த மஞ்சளைப் பல் பிரஷால் சுரண்டினேன். அத்தை ஹேர் டிரையரைக் கொண்டுவந்து பிடித்தார்.

திரை வந்தது. இரண்டு நிமிடத்தில் அணைந்தது. மறுபடி போட்டேன். அதே மாதிரி அணைந்தது.

"போர்டு போகப் போவுது. சீக்கிரம் பென்டிரைவ்ல இழுத்துரு."

"பென்டிரைவ் இல்லடா."

"போய் வாங்கு லா!"

"எங்கடா போறது?"

"அப்ப ஸ்கிரீனையே போட்டோ எடு."

மூன்றாவது தடவை படம் திறந்தது. போனில் ஒன்று எடுத்தேன். அணைந்தது. அதன் பிறகு எத்தனை தடவை அழுத்தியும் வரவில்லை.

எடுத்ததைப் பார்த்தேன். திரையின் பளபளப்பில், அப்பாவின் கறுப்புச் சட்டை மேல் என் மொட்டைத் தலையும் போன் பிடித்த கையும் தெரிந்தன. அத்தையிடம் காட்டினேன்.

"போட்டோ கடையில நண்டு தெரியாம வெட்டச் சொல்லு. உன்னையும் வெட்டுனா அவரு பாதி போயிருவாரு. விடு."

படையல் அன்று படத்துக்கு மாலை போட்டதும் அந்த இடம் மறைந்தது. மாலை வாடியதும் கழற்றினோம். இப்போது ஹாலில் விளக்கைப் போட்டால் அப்பா சிரிக்கிறார். நான் அவர் நெஞ்சுக்குள் போனைப் பிடித்தபடி நிற்கிறேன்.