விளக்கு வெளிச்சத்தில் பார்த்த கல்

அந்த நகைக்கடையில் அவருக்கு ஜன்னல்காரர் என்று பெயர். வைரத்தின் நிறம் பார்த்துத் தரம் பிரிப்பது வேலை. மாடியில் வடக்குப் பார்த்த ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன்மேல் மடித்து வைத்த வெள்ளைத் தாள், ஒரு இடுக்கி, சட்டைப் பையில் ஒரு லென்ஸ். அவருடைய ராஜ்ஜியம் அவ்வளவுதான். நேர்வெயில் பட்டால் கல் கண்டபடி மினுக்கி ஆளை ஏமாற்றும் என்பதால் வெயில் எட்டிப் பார்க்காத அந்த ஜன்னலை விட்டு அவர் நகரமாட்டார்.

ஆள் கறார் என்றால் அப்படியொரு கறார். பக்கத்தில் எந்த நிறம் இருந்தாலும் வைரம் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். அதனால் வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டதில்லை. ஒருநாள் கணக்கு எழுதும் பெண் சிவப்பு உடையில் வந்து மேஜையருகே நின்று பேச்சுக் கொடுத்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா. உன்னைப் பாத்து கல்லுக்கு வெக்கம் வந்துருச்சு" என்றார். கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, உண்மையைத்தான் சொன்னார். கல்லைத் தாளில் கவிழ்த்துவைத்து, மினுமினுப்பு அடங்க வாயால் ஊதி, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பொழுது சாய்ந்துவிட்டால் முதலாளியே கெஞ்சினாலும் இடுக்கியைத் தொடமாட்டார். விளக்கு வெளிச்சத்தில் கல் பார்ப்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு பார்ப்பதும் ஒன்று என்பார்.

கீழ்த்தளத்தில் கல் பதிப்பவர் அவருடைய தங்கை கணவர். வேலையில் சேர்த்துவிட்டதும் இவர்தான், தங்கையைக் கொடுத்ததும் இவர்தான். நல்ல கைகாரர், அதைவிட நல்ல வாய்க்காரர். "பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி என்னையும் தாள்ல கவுத்து வெச்சுப் பாத்தீங்களா மச்சான்?" என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்பார். "பாத்தேன் மாப்பிள்ளை, கொஞ்சம் மஞ்சள்தான். தங்கச்சி பிடிவாதம், விட்டுட்டேன்" என்று இவரும் விடமாட்டார். கடையில் அவர் சிரித்துப் பேசிய ஒரே ஆள் அந்த மாப்பிள்ளைதான்.

அப்படியிருந்த குடும்பத்தில் ஒரு கல் வந்து விழுந்தது.

ஊரில் பெரிய ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டரம்மா மகளின் நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் வாங்க வந்தார். ஜன்னல்காரர் காலை வெளிச்சத்தில் ஒரு கல்லைத் தேர்ந்து, சுத்த வெள்ளை என்று வாக்குக் கொடுத்தார். சில வைரங்களுக்கு ஒரு குணம் உண்டு. பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் பட்டால் உள்ளே மெல்ல நீலமாக ஒளிரும். அந்த நீலம் கல்லின் இயற்கையான மஞ்சளை அமுக்கிவிடும், கல் வெளுப்பாகத் தெரியும். பல்பு வெளிச்சத்தில் அந்தக் கதிர்கள் இல்லை. நீலம் போய்விடும், மஞ்சள் வெளியே வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கடையில் ஒரு ஊதா விளக்கு இருந்தது. எப்போதோ பழுதாகி மூலையில் கிடந்தது. என் கண் இருக்கும்போது அது எதற்கு என்று அவரும் அதை மாற்றச் சொல்லவில்லை. கர்வம், வேறென்ன?

கல் கீழே போனது. மாப்பிள்ளை தங்கத்தில் பதித்துக் கொடுத்தார். நிச்சயதார்த்த மண்டபம் முழுக்க மஞ்சள் பல்புகள். அங்கே ஒரு சொந்தக்காரி மோதிரத்தைப் பார்த்து, என்ன இது, எலுமிச்சை மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டாள். டாக்டரம்மாவுக்கு மானம் போயிற்று. கடையில் வெள்ளையாக இருந்த கல் மண்டபத்தில் மஞ்சளானால் நடுவில் யாரோ மாற்றியிருக்க வேண்டும். நடுவில் அது இருந்தது ஒரே ஒருவர் கையில். டாக்டரம்மா புகார் கொடுத்தார், போலீஸ் வந்தது. முதலாளி வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஜன்னல்காரருக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவர் போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கூடத்தில் ஒற்றை மஞ்சள் பல்பு. மாப்பிள்ளை மூலையில் நின்றார், இவரைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. அப்பாடா, மச்சான் வந்தாச்சு என்கிற தெளிவு அது. முதலாளி மோதிரத்தை நீட்டி, நீங்கள் தேர்ந்த கல்தானா என்று கேட்டார்.

அவர் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. விடியட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது அந்தச் சொல். அதற்குள் இன்ஸ்பெக்டர், "பெரியவருக்கு இவர் சொந்தமாமே?" என்று முதலாளியைப் பார்த்துக் கேட்டார். இவரைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. அவ்வளவுதான், இவருக்கு உள்ளே பதறிவிட்டது. இப்போது நாளைக்குப் பார்க்கிறேன் என்றால் தங்கை புருஷனுக்குச் சப்பைக்கட்டு கட்டுகிறான் என்பார்கள், ஏன், கூட்டுக்களவாணி என்றே சொல்வார்கள். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயர். மோதிரத்தைப் பல்புக்கு நேராகப் பிடித்தார். மஞ்சள். சந்தேகமே இல்லாத மஞ்சள்.

"இது நான் பாத்த கல்லு இல்ல" என்றார்.

மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்தார். தங்கை வாசலில் வந்து நின்று, என்ன அண்ணா சொன்னாய் என்று கேட்டாள். கண்ணால் பார்த்ததைச் சொன்னேன் என்றார். அவள் திரும்பிப் போய்விட்டாள். அவருக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. பாவி மனுஷன், தன்மேல் வரவேண்டிய கோபத்தை யார்மேலாவது இறக்கிவைக்கத்தானே வேண்டும்?

காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாக மாடி ஏறினார். முதலாளியிடமே விட்டுப்போயிருந்த மோதிரத்தைக் கேட்டு வாங்கி, ஜன்னலருகே வெள்ளைத் தாளில் வைத்தார். கல் வெள்ளையாக இருந்தது. லென்ஸை எடுத்துப் பார்த்தார். கல்லின் ஓரத்தில், தேர்ந்த அன்றே அவர் பார்த்து மனதில் வைத்திருந்த மெல்லிய பிறைக்கீறல், நகத்தால் கீறியது போல, அங்கேயே இருந்தது. அதே கல். முந்தின மாலையிலும் அந்தப் பிறை அங்கேதான் இருந்திருக்கும். லென்ஸும் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. கல்லைப் பார்க்க அவர் அங்கே போகவேயில்லை, தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார்.

முதலாளியிடம் சொன்னார். முதலாளி வெகுநேரம் நெற்றியைத் தேய்த்தார். கல் வெள்ளை இல்லை என்று தெரிந்தால் கடை பெயர் கெடும், மெதுவாகப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். ஜன்னல்காரர் மோதிரத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு படியிறங்கி, செருப்பைக்கூட மறந்து, ஸ்டேஷனுக்கு ஓடினார்.

தவறு என்னுடையது, கல் மாறவில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்திலும் அறை பல்பிலும் மாற்றி மாற்றிக் காட்டினார். இன்ஸ்பெக்டர், "இத நேத்தே சொல்லியிருக்கலாமே பெரியவரே" என்று கொட்டாவி விட்டார். மாப்பிள்ளையை வெளியே கொண்டுவந்தார்கள். அசல் கல் எங்கே என்று இரவெல்லாம் கேட்டிருக்கிறார்கள். இல்லாத கல்லை எங்கிருந்து காட்டுவார்? வலது கை வீங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

எலும்பு சேர்ந்தது, விரல் மடங்கவில்லை. இடுக்கி பிடிக்க முடியாத கல் பதிப்பவருக்கு எந்தக் கடையில் வேலை? முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து வெளியே பேசவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஜன்னல்காரர் வேலையை விட்டார். எத்தனையோ பேர் கூப்பிட்டும் மறுபடி ஒரு கல்லைத் தொடவில்லை.

தங்கை வீட்டுக்கு அவர் போக நாளாயிற்று. ஒரு மாலையில் போனார். தங்கை உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை இடது கையால் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் கொடுத்தார். இவர் மன்னிப்பு என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அழுதார். மாப்பிள்ளை கோபப்படவில்லை, கேலியும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"பொழுது சாஞ்சா ஒரு கல்லக்கூட பாக்கமாட்டீங்களே மச்சான். என்னை மட்டும் ஏன் பாத்தீங்க?"

ஜன்னல்காரர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். தங்கை உள்ளேயிருந்து வந்து, இருவரையும் பார்க்காமல், விளக்கைப் போட்டாள்.