ஓரின் தட்டும் சுவர்

விரல் முட்டியால் ஒரு தட்டு. பிறகு உள்ளங்கையைத் தகரத்தில் பதித்துக்கொண்டு காத்திருப்பது. மழை விட்ட மறுநாள் காலையில் ஓரின் ஆஸ்ட்பிக்கு இதுதான் வேலை. தாங்கள் குடியிருக்கும் கேரவன் வண்டியைச் சுற்றி ஜாண் ஜாணாக நகர்வார். உள்ளே அவர் மனைவி ஆர்லிஸ் அதே இடத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் பதிலுக்குத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் உள்மரம் கெட்டி. இரண்டு என்றால் ஈரத்தில் இற்றுவிட்டது.

முப்பது வருஷம் மினசோட்டாவில் பால் டேங்கர் ஓட்டியதில் ஜன்னல் பக்கத்துக் காது போயே போய்விட்டது, மற்றது அரைக்காது. அதை மட்டும் மனிதர் ஒப்புக்கொள்ள மாட்டார். "இப்பல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறானுங்க" என்பார்.

அரிசோனா பாலைவனத்தில் குளிர்காலத்துக்கு வந்து நிற்கும் ஐந்நூறு கேரவன்களில் இவருடையதுதான் கிழடு. வயது முப்பத்தெட்டு. அதில் ஓரினின் கைபடாத திருகாணி கிடையாது. வண்டி சாயாமல் மட்டமாக நின்றால்தான் ஃப்ரிட்ஜ் குளிரும் என்பதால், போன இடமெல்லாம் சாப்பாட்டு மேஜையில் ஓர் ஆரஞ்சை வைத்து, அது உருளாமல் நிற்கும்வரை சக்கரத்தடியில் பலகை செருகுவார். ஆன்டெனாவை இறக்க மறந்து பெட்ரோல் பங்க் கூரையில் இடித்த நாளிலிருந்து, வெளியே எதை நீட்டினாலும் ஞாபகத்துக்கு ஸ்டியரிங்கில் ஒரு துணிக்கிளிப்பை மாட்டிவிடுவார். சில நாள் ஸ்டியரிங்கைப் பார்த்தால் துணிக்கொடி மாதிரி இருக்கும்.

முந்தைய சொந்தக்காரன் கூரை முழுக்கக் குளியலறை இடுக்கை அடைக்கும் சிலிக்கோன் பசையை அப்பி வைத்திருந்தான். அது காய்ந்த இடத்தில் வேறெந்தப் பசையும் ஒட்டாது. மூன்று வருஷமாகச் சுரண்டுகிறார். முகம் தெரியாத அந்த ஆளுக்குத் தினமும் அர்ச்சனைதான். "குளிக்கிற ரூமுக்கும் கூரைக்கும் வித்தியாசம் தெரியாத பய! வெளங்குவானா?"

போன வருஷம் பின்சுவர் இற்று, இரண்டு மாதம் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடந்தது. அப்போது ஆர்லிஸ் கேட்டது ஒன்றே ஒன்று. "இன்னொரு தடவ இத்துச்சுன்னா வித்துடணும்யா. காலை நீட்டிக் குளிக்க எனக்கு ஒரு தொட்டி வேணும்." மகள் தன் ஊரில் தொட்டியோடு ஒரு வீடு பார்த்தே வைத்துவிட்டாள். ஓரின் சத்தியம் செய்து கொடுத்தார். கொடுத்த வாக்கை மீறத் தெரியாத மனிதர், பாவம்.

இன்று காலை பக்கத்து கேரவன் டுவேன் காபிக் கோப்பையோடு வந்து நின்று கத்தினார். "என்னண்ணே, உசுரு இருக்கா?"

"எனக்கா, வண்டிக்கா?"

"ரெண்டும் ஒரே மாடல்தானே!"

மூன்று சுவரும் கெட்டி. கடைசியாக, முன்பக்கம் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை இருக்கும் மூலை. ஓரின் ஏணியில் ஏறித் தட்டிவிட்டுக் கையைப் பதித்தார். ஒரு தட்டு வந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் இரண்டாவதும் வந்துவிட்டது.

அவருக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை. ஒரே தட்டோடு நிறுத்தியிருந்தால் எனக்கென்ன தெரியவா போகிறது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் ஆர்லிஸ் அப்படிச் செய்கிற ஆளில்லை. டுவேன் தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளங்கைக்கடியில் மூன்றாவது தட்டு வந்தது. மூன்றுக்கு அவர்களிடம் அர்த்தமே கிடையாது. பிறகு நாலு, ஐந்து, தகரமே அதிர்ந்தது. படுக்கை ஜன்னல் படாரென்று திறந்து, ஊறிய பலகைத் துண்டு ஒன்று ஓரினின் தோளை உரசிக்கொண்டு மணலில் போய் விழுந்தது. பின்னாலேயே ஆர்லிஸின் தலை தெரிந்தது. முடியெல்லாம் மக்கிய மரத்தூள், கையில் சுத்தியல்.

"மசமசன்னு நிக்காதய்யா! என்ன கனம்னு அளந்து பாரு, பலகைக் கடைய பன்னெண்டு மணிக்கே சாத்திருவான். தொட்டி எங்கயும் ஓடிப்போயிடாது!"

இது ஒன்றும் வாய்க்குள்ளே பேசியதாக அவருக்குத் தோன்றவில்லை. இறங்கிப் போய்த் துண்டைப் பொறுக்கி, மணலைத் தட்டிவிட்டு, டேப்பை இழுத்து வைத்தார். டேப் நழுவிச் சுருண்டு உள்ளே போய்விட்டது. மறுபடி இழுத்தார்.