மஞ்சள் பல்பு போட்ட அறை

எண்பதுகளில் நான் ஜார்ஜ்டவுனில் ஒரு மின்சாமான் கடையில் விளக்கு விற்றுக்கொண்டிருந்தேன். எந்த அறைக்கு எந்த வெளிச்சம் என்று யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவேன். சமையலறைக்கு வெள்ளை டியூப், அரிசியில் கல் தெரிய வேண்டும். ஹாலுக்கும் வெள்ளை. படுக்கையறைக்கு மஞ்சள் குண்டு பல்பு. அங்கேயும் டியூப் கேட்டால் எனக்குக் கோபமே வந்துவிடும். "என்னா அக்கா, தூங்கப் போறீங்களா, ஆப்பரேஷன் பண்ணப் போறீங்களா?" என்பேன். வாய்க்கொழுப்பு. பசாரில் மீன்காரர்கள் சிவப்பு விளக்கைத் தொங்கவிட்டுப் பழைய மீனைப் புதுமீனாகக் காட்டுகிறார்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவனும் நான்தான்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்தது. பெண். ஆஸ்பத்திரியிலிருந்து மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பத்தியம் பார்க்க என் மனைவியின் அக்கா தீவின் பின்பக்கம் இருந்த பாலிக் புலா கிராமத்திலிருந்து வந்தார். பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் படக்கூடாது என்று அறையின் ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் துணி அடைத்தார். தாய்க்கும் பிள்ளைக்கும் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டினார். நான் என் பங்குக்கு அந்த அறையிலிருந்த டியூப்பைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு போட்டேன். பச்சைப்பிள்ளைக்குக் கண் கூசக்கூடாது என்று எனக்குப் பெரிய அக்கறை.

நான்காம் நாள் மனைவி கேட்டாள்.

"என்னாங்க, பிள்ளை மஞ்சளா இருக்குற மாதிரி இல்ல?"

"பல்பு வெளிச்சம்லா. இதுல உன்னைப் பார்த்தாலும் மஞ்சளாத்தான் இருக்கும். மஞ்சள் வேற தேச்சிருக்கீங்க."

"அந்த டியூப்ப ஒருதடவ மாட்டிப் பாருங்களேன்."

"வெளக்கப் பத்தி எனக்கே பாடம் நடத்துறியா?"

அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். மறுநாள், பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கிறது என்றாள். "நல்ல பிள்ளை, தொந்தரவு இல்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். என்ன மனிதன் நான்!

நாங்கள் புதிதாக வீடு மாறியிருந்ததால், வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்கும் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிக்கு முகவரி கிடைக்கவில்லை. ஆறாம் நாள்தான் வந்தார். அறைக்குள் நுழைந்ததும் ஜன்னலைத் திறந்தார். அக்கா பதறிப்போய், "ஐயோ, காத்து!" என்றார். மிஸ்ஸி காதில் வாங்கவில்லை. பிள்ளையைப் பகல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போய் மூக்கை விரலால் அழுத்திப் பார்த்தார். கண்ணின் வெள்ளைகூட மஞ்சளாக இருந்தது. மஞ்சள் உள்ளங்கால்வரை இறங்கியிருந்தது.

"எத்தன நாளா இப்படி இருக்கு? யாருமே பாக்கலியா?"

மனைவி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ரத்தம் மாற்றினார்கள். அதன்பின் கண்ணைக் கட்டி, நீல விளக்குகளுக்குக் கீழே படுக்க வைத்தார்கள். காமாலை இறங்க அந்த வெளிச்சம்தான் மருந்து என்றார்கள். ஊருக்கே வெளிச்சம் சொன்னவன் கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதேன். எட்டு நாள் கழித்துப் பிழைத்துக்கொண்டது என்றார்கள். கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன்.

அடுத்த ஆண்டு தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் சரம் சரமாக வெடித்தார்கள். தெருவிலிருந்த பிள்ளைகளெல்லாம் அலறினார்கள். எங்கள் மகள் கண்கூடச் சிமிட்டாமல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காமாலை முற்றினால் காது போகும் என்பதை டாக்டர் எங்களுக்கு அப்போதுதான் சொன்னார்.

அவள் எங்கள் உதடுகளைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினாள். மங்கலான வெளிச்சத்தில் அவளால் வாயைப் படிக்க முடியவில்லை. வீட்டில் எல்லா அறைக்கும் வெள்ளை டியூப் மாட்டினேன். யாராவது, "என்ன அண்ணே, படுக்கையறைக்குமா?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். மனைவி ஒருநாளும், "நான் அப்பவே சொன்னேனே" என்று குத்திக்காட்டியதில்லை. காட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது ஒரு மாலை என் எதிரே வந்து உட்கார்ந்தாள். தனக்கு ஏன் காது கேட்கவில்லை என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் விளக்குக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மா சொன்னாங்க. நான்தான் பல்புன்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடதும்மா" என்றேன்.

வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை, மெதுவாக, என்று கையால் காட்டினாள்.

மறுபடியும் சொன்னேன்.