கையில் பிளந்த வெண்கலக் கண்ணாடி

லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில், பழம்பொருள்களைத் தூக்கி இடம் மாற்றுவது என் வேலை. வாள், சாடி, கற்சிலை என்று எத்தனையோ தூக்கியிருக்கிறேன். உண்மையாகவே பயந்தது ஒரு சீன முகக்கண்ணாடியைப் பிடித்தபோதுதான்.

இரண்டாயிரம் ஆண்டுப் பழைய வெண்கல வட்டம் அது, விரித்த உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. முகம் பார்த்த பக்கம் பாசி நிறமாகிவிட்டது. அழகெல்லாம் முதுகில்தான். நடுவில் கயிறு கோக்க ஒரு குமிழ், அதைச் சுற்றி டிராகனும் புலியும் பறவையும் ஆமையும். மறுநாள் கண்காட்சி. முதுகுப் பக்கம் மேலே வரும்படி அதைத் திருப்பி வைக்க வேண்டும்.

உடன் இருந்தவர் பழம்பொருள்களைச் செப்பனிடும் மதுரைக்காரப் பெண்.

"குமிழைப் பிடிக்காதீங்கண்ணா."

"ஓம், தெரியும்."

இரு கைகளாலும் விளிம்பைப் பிடித்து நிமிர்த்தியபோது 'டிக்' என்று ஒரு சத்தம். வலது பெருவிரலுக்கடியில் வெண்கலம் மெல்ல நெகிழ்ந்தது.

"தங்கச்சி, இது அசையுது!"

அவர் டார்ச் அடித்தார். புலியின் இடுப்புக்குக் குறுக்கே, மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. எப்போதோ உடைந்ததை யாரோ பசைபோட்டு ஒட்டி, மேலே பச்சை பூசி மறைத்திருக்கிறார்கள்.

"கீழ வைக்கட்டோ?"

"வேணாம்! ரெண்டு துண்டும் உரசினா ஓரம் பொடிஞ்சிரும். இதுல வெள்ளீயம் ஜாஸ்தி, பீங்கான் மாதிரி நொறுங்கும். அப்படியே இருங்க, ஃபோம் எடுத்துட்டு வர்றேன்."

பக்கத்து அறைக்கு ஓடினார். நான் தனியே நின்றேன். நாங்கள் வேலை செய்த நிலவறைக்குக் கீழே ட்யூப் ரயில் போகும். மற்ற நாட்களில் அதைக் கவனிக்கவே மாட்டேன். அன்று தூரத்தில் அது புறப்படும்போதே பாதங்களில் தெரிந்தது. முழங்காலைத் தளர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டேன். தரை அதிர்ந்தது. கோடு விரிந்தது. கையுறைக்குள் விரல்கள் வியர்வையில் வழுக்கின.

அவர் வந்து மண்டியிட்டு, தடித்த ஃபோமைக் கண்ணாடிக்கடியில் ஏந்தினார்.

"இடது கையை மெதுவா விடுங்க."

"ஏலாது. விட்டா விழுந்திடும்."

"விழாது, நான் பிடிச்சிருக்கேன். விடுங்கண்ணா."

விட்டேன். வலது கையையும் தளர்த்த, கண்ணாடி இரண்டாகப் பிரிந்து ஃபோமில் சாய்ந்தது. அவர் பூதக்கண்ணாடியை வைத்து இரண்டு ஓரங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பழைய ஒட்டுதான் விட்டிருக்கு. புதுசா ஒண்ணும் உடையலை," என்றார் கடைசியில்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இரவோடிரவாக ஒட்டித் தரும்படி மேலதிகாரி கேட்டார். அவசரத்தில் ஒட்டினால் மறுபடியும் விட்டுவிடும் என்று மதுரைப் பெண் மறுத்துவிட்டார். கண்ணாடி இரு துண்டுகளாகவே, நடுவே விரல் அகல இடைவெளியோடு காட்சிக்குப் போனது. மறுநாள் கூட்டத்துக்குப் பின்னால் நாங்கள் இருவரும் நின்று பார்த்தோம்.

"நீங்கள் எண்டபடியாதான் துணிஞ்சு கையை விட்டனான்," என்றேன்.

"எனக்கும் கை உதறிட்டுதான் இருந்துச்சு," என்றார். "காட்டிக்கலை, அவ்வளவுதான்."